உங்க படத்துல இருக்கறது சோலைக்கிளி இல்லீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல கால் பக்கத்துக்கு ஒரு நீலப் பறவை படம் போட்டு, கீழ "கொடைக்கானல் தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் அரிய வகை நீலகிரி சோலைக்கிளி"ன்னு எழுதியிருந்தீங்க. ஒரே வரியில மூணு தப்பு சார். படத்துல இருக்கறது சோலைக்கிளியே இல்ல. ஒருவேளை சோலைக்கிளியாவே இருந்தாலும் கொடைக்கானல்ல நீலகிரி சோலைக்கிளி இருக்காது. மூணாவது அந்த "சாதாரணமாகத் திரியும்"ங்கிற வார்த்தை, அதுதான் என்னை இவ்வளவு நீளமா எழுத வச்சது. அரிய வகைன்னும் சொல்றீங்க, சாதாரணமா திரியுதுன்னும் சொல்றீங்க, படிக்கிறவன் எதை எடுத்துக்கறது?

நான் ஆராய்ச்சியாளர் எல்லாம் கிடையாதுங்க. கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஆபீஸ்ல சம்பளக் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். ஒரு பழைய பைனாகுலர், ஒரு பீரோ தட்டு நிறைய டைரி, அவ்வளவுதான் என் சொத்து. உங்க நிருபரை திட்டறதுக்காகவும் எழுதல, ஏன்னா இதே தப்பை நானே பண்ணியிருக்கேன், அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாலு வருஷம்.

அந்தக் கதையை சொல்லிடறேன், அதுலயே பாதி விஷயம் வந்துடும். எங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி சில்வர் ஓக் மரம் வரிசையா நிக்கும், அதுல தினமும் காலையில ஒரு நீலக்குருவி வந்து கிளை நுனியில உக்காரும், விருட்டுனு பறந்து போய் காத்துல ஒரு பூச்சியை கவ்வும், திரும்ப அதே கிளைக்கே வந்து உக்காரும். புஸ்தகத்துல நீலகிரி மலையில நீலக்கலர்ல சின்னப் பறவைன்னு தேடினேன், சோலைக்கிளி படம் கண்ணுல பட்டுச்சு, முடிஞ்சது. டைரியில "சோலைக்கிளி 1", "சோலைக்கிளி 2"ன்னு எழுதித் தள்ளிட்டேன். ஒரு நாள் காட்டுல வாட்சர் வேலை பார்க்கிற ஒருத்தர் ஆபீசுக்கு ஏதோ வேலையா வந்தார், பேச்சுவாக்குல நான் பெருமையா இதை சொன்னேன். அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "சார், அது நின்னுச்சா, உக்காந்துச்சா?"

எனக்கு புரியல. பறவைன்னா உக்காரத்தானே செய்யும்னேன். அவர் சிரிச்சிட்டு, உக்கார்ற குருவிக்கு கால் தெரியாது சார், வயிறே கிளை மேல படுத்திருக்கும், நிக்கிற குருவிக்கு கால் ரெண்டும் குச்சியாட்டம் தெரியும், சோலைக்கிளி நிக்கிற ஜாதின்னாரு. மறுநாள் காலையில பைனாகுலரை எடுத்துட்டுப் போய் பார்த்தா, என் "சோலைக்கிளி"க்கு கால் இருக்கற மாதிரியே தெரியல. நிமிர்ந்து உக்காந்திருக்கு, வாலு நேரா கீழ தொங்குது. நாலு வருஷ டைரி வேஸ்ட். அது நீலகிரி ஈப்பிடிப்பான். இந்த மலையில எங்க பார்த்தாலும் இருக்கற, மனுஷனைக் கண்டு பெருசா பயப்படாத, அழகான சாதாரணக் குருவி.

உங்க படத்துல இருக்கறதும் அதேதான் சார். பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு பாருங்க. பறவை திறந்த வெளியில ஒரு மொட்டைக் கிளையில இருக்கு, பின்னாடி ஆகாசம் தெரியுது. உடம்பு நிமிர்ந்திருக்கு. கால் எங்கன்னு தேடணும். மூக்கு அடிப்பக்கம் அகலமா, பறக்கற பூச்சியை வாயில வாங்கறதுக்கு தோதா இருக்கு. நெத்தியிலயும் கண்ணுக்கு மேலயும் நீலம் கொஞ்சம் பளிச்னு, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல கருப்பு, அடிவயிறு சாம்பலும் வெள்ளையுமா இருக்கு. இந்த முகத்தை வச்சுத்தான் எல்லாரும் ஏமாறுவாங்க, ஏன்னா சோலைக்கிளிக்கும் கண்ணுக்கு முன்னாடி கருப்பு உண்டு, நெத்தியில வெளுப்பும் உண்டு. முகத்தை மட்டும் க்ராப் பண்ணி போட்டா நானே இன்னைக்கும் கொஞ்சம் தடுமாறுவேன். ஆனா ஒரு நிச்சயமான அடையாளம் இருக்கு, வாலோட அடிப்பக்கம் ரெண்டு சைடுலயும் வெள்ளைத் திட்டு. வாலை மூடி வச்சிருந்தா தெரியாது, பறக்கும்போதோ வாலை விரிக்கும்போதோ பளிச்னு காட்டும். போட்டோ எடுத்தவர் கண்டிப்பா ஒரே க்ளிக்கோட நிறுத்தியிருக்க மாட்டார், வரிசையா பத்து இருபது எடுத்திருப்பார். அதுல பறவை கிளம்பற மாதிரி ஏதாவது ஒண்ணு இருந்தா எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, வெள்ளைத் திட்டு அதுல இருக்கும்.

சரி, நிஜ சோலைக்கிளி எப்படி இருக்கும்? எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், அதைப் பார்க்கறதே பெரும்பாடு. சோலைன்னு நாம சொல்ற காடு மலை மடிப்புக்குள்ள, ரெண்டு புல்மேட்டுக்கு நடுவுல, தண்ணி ஓடற இடத்துல அடைச்சிக்கிட்டு இருக்கும், மரம் ரொம்ப உயரம் கிடையாது, குடை மாதிரி நெருக்கமா இருக்கும், உள்ள போனா பட்டப்பகல்லயே சாயங்காலம் மாதிரி இருக்கும். கீழ குறிஞ்சி ஜாதி புதர், பாசி, மக்கின இலை, ஈரம். அந்த இருட்டுல தரையோட தரையா நடமாடற 15 சென்டிமீட்டர் பறவை அது. சிட்டுக்குருவி சைஸ்தான். நீங்க அதைப் பார்க்கறதுக்கு முன்னாடி அது உங்களைப் பார்த்திருக்கும். அட்டைக்கடி வாங்கிக்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்தா ஒரு இலை அசையும், அவ்வளவுதான் அன்னைய கணக்கு.

நான் முதமுதலா நிஜமா பார்த்தது கோத்தகிரி பக்கத்துல இருக்கற லாங்வுட் சோலை ஓரத்துல. பறவை தேடிப் போன நாள்கூட இல்ல, வேற வேலையா போய்ட்டு பொழுது சாயற நேரம் திரும்பி வந்துட்டு இருந்தேன், மிஸ்ட் இறங்கிடுச்சு, ரோட்டோரம் பாசி பிடிச்ச ஒரு சின்னக் கல்வெர்ட், அதுக்குக் கீழ வாய்க்கால். கல்லு மேல ஏதோ நகர்ந்துச்சு, எலின்னுதான் நினைச்சேன். எலி ரெண்டு காலால குதிக்காதேன்னு நின்னேன். பறவை. உடம்பை கிடைமட்டமா வச்சுக்கிட்டு, நீளமான கால்ல நின்னு, தலையை சாய்ச்சு ஒரு இலையைப் பார்த்துச்சு, மூக்கால அதைப் புரட்டிப் போட்டுச்சு, கீழ இருந்து ஏதோ ஒரு புழுவை இழுத்துச்சு, நாலு தத்தல்ல வாய்க்காலுக்குள்ள போயிடுச்சு. மொத்தமே ஒரு நிமிஷம் இருக்காது. நீலம் எதுவும் தெரியல சார், சிலேட்டுக் கலர்தான் தெரிஞ்சது. ஆனா அது திரும்பும்போது விலாப்பக்கம் செங்கல்லை ஈரத்துல நனைச்ச மாதிரி ஒரு சிவப்பு தெரிஞ்சது பாருங்க, அதுதான் நீலகிரி சோலைக்கிளியோட முத்திரை. வாட்சர் சொன்ன கேள்விக்கு எனக்கு அன்னைக்குத்தான் பதில் கிடைச்சது. நின்னுச்சு.

மலையாளத்துல இந்த இனத்துக்கு சந்தியக்கிளின்னு ஒரு பேரு உண்டு. அந்தி நேரத்துப் பறவைன்னு அர்த்தம். பேரு வச்சவன் பார்த்துத்தான் வச்சிருக்கான். விடியறதுக்கு முன்னாடியும் இருட்டறதுக்கு முன்னாடியும்தான் அது கொஞ்சம் வெளிய தலைகாட்டும், மத்தியான வெயில்ல மொட்டைக் கிளையில போஸ் குடுக்காது.

பேருன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ரெண்டு வருஷம் முன்னாடி உங்க சிறுவர் இணைப்புல சோலைக்கிளி பத்தி ஒரு குட்டிக் கட்டுரை வந்துச்சு, கட்டுரை ஓரளவு சரியாத்தான் இருந்துச்சு, ஆனா பக்கத்துல படம் வரைஞ்சவர் சிவப்பு மூக்கு வச்ச பச்சைக்கிளியை வரைஞ்சிருந்தார். எங்க வீட்டுல பேரன் அதை வெட்டி ஸ்கூல் நோட்டுல ஒட்டி வச்சிருந்தான். குத்தம் அவர் மேல மட்டும் இல்ல, கிளின்னா நமக்கு பச்சைக்கிளிதான். மலையாளத்துல கிளின்னா பொதுவா சின்னப் பறவை எதுவா இருந்தாலும் கிளிதான். அதனால சோலைக்கிளின்னா சோலையில இருக்கற குருவின்னு எடுத்துக்கணும், ஜோசியக்காரர் கூண்டுல இருக்கற கிளி இல்ல.

இந்தப் பறவைக்கு பேரு மாத்தி மாத்தி வச்ச மாதிரி வேற எதுக்கும் வச்சிருக்க மாட்டாங்க. 1840-கள்ல ஜெர்டன்னு மெட்ராஸ் ஆர்மியில டாக்டரா இருந்தவர் நீலகிரிப் பறவைக்கு விஞ்ஞானப் பேரு வச்சார். 1860-கள்ல பிளான்ஃபோர்டுன்னு ஒரு நிலவியல்காரர் தெற்குப் பக்க மலையில இருக்கற வெள்ளை வயித்துக்காரனுக்கு தனிப் பேரு வச்சார். அப்புறம் வந்தவங்க ரெண்டும் ஒண்ணுதான்னு சேர்த்துட்டாங்க, ஷார்ட்விங்ன்னு கூப்பிட்டாங்க, பழைய புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும். பின்னாடி புளூ ராபின் ஆச்சு. 2017-ல வி.வி. ராபின்னு நம்ம ஊர் விஞ்ஞானியும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் மரபணுவை ஆராய்ஞ்சு பார்த்து, இது ஷார்ட்விங்கும் இல்ல, மத்த ராபின் கூட்டத்துலயும் சேராது, இதுக்கு தனிப் பேரினமே வேணும்னு சொல்லி சோலிகோலான்னு பேரு வச்சாங்க. சோலையில குடியிருக்கறதுன்னு அர்த்தம். லத்தீன் பேருக்குள்ள நம்ம சோலை போய் உக்காந்திருக்கு சார், இதையெல்லாம் முதல் பக்கத்துல போடலாம் நீங்க. புளூ ராபினை ஆராய்ஞ்சவர் பேரும் ராபின்ங்கிறது எனக்கு இன்னைக்கும் சிரிப்பு.

இப்ப ரெண்டாவது தப்புக்கு வர்றேன், இதுதான் ரொம்ப முக்கியம். இந்தப் பறவையைக் கண்டுபிடிக்க முதல்ல கேட்க வேண்டிய கேள்வி என்ன கலருங்கிறது இல்ல, எந்த மலைங்கிறதுதான். பாலக்காட்டுக் கணவாய் தெரியும்ல, மேற்குத் தொடர்ச்சி மலை அந்த இடத்துல 30-40 கிலோமீட்டருக்கு அப்படியே விட்டுப் போயிருக்கு, கோயமுத்தூர்ல இருந்து ரயில் அந்த வழியாத்தான் கேரளாவுக்குள்ள போகுது. நமக்கு அது ஒரு மணி நேர ரயில் பயணம். உயர மலையோட குளிரையும் ஈரத்தையும் விட்டு வெளிய வராத, பறக்கறதைவிட தத்தறதே அதிகமா இருக்கற ஒரு பறவைக்கு அது சமுத்திரம். அதனால கணவாய்க்கு வடக்க நீலகிரி, அதுக்கு மேல கர்நாடகா பக்கத்து மலையில இருக்கறது ஒரு இனம், விலாவுல செங்கல் சிவப்பு. தெக்க ஆனைமலை, பழனி மலை, மூணாறு பக்கம் இருக்கறது வெண்வயிற்றுச் சோலைக்கிளி, அதுக்கு விலாவும் சிலேட்டு நீலம், நடுவயிறு வெள்ளை, நெத்தி வெள்ளை நல்லா எடுப்பா இருக்கும். இன்னும் தெக்க செங்கோட்டைக் கணவாய் தாண்டி அகத்தியமலைப் பக்கம் இருக்கறதையும் அதே 2017 ஆராய்ச்சியில பிரிச்சுப் பேரு வச்சாங்க, அது தனி இனமா இல்ல உள்பிரிவான்னு பட்டியலுக்குப் பட்டியல் மாறும்.

கொடைக்கானல் பழனி மலையில இருக்கு. கணவாய்க்குத் தெக்க. அங்க நீலகிரி சோலைக்கிளின்னு போடறது ராமேஸ்வரத்துல பனிக்கரடின்னு போடற மாதிரி. சரி கொஞ்சம் ஓவரா சொல்லிட்டேன், ஆனா விஷயம் அதுதான்.

உங்க நிருபர் குழம்பினதுக்கு காரணமும் எனக்குத் தெரியும். நீலகிரி ஈப்பிடிப்பான் பேருலயும் நீலகிரி இருக்கு, ஆனா அது கொடைக்கானல்லயும் இருக்கு, மூணாறுலயும் இருக்கு. நீலகிரி காட்டுப்புறாவும் அப்படித்தான். நீலகிரி வரையாடு நம்ம மாநில விலங்கு, அது கூட்டமா இருக்கறது கேரளா எரவிகுளத்துல. ஆக பேருல நீலகிரி இருந்தா நீலகிரியில மட்டும்தான் இருக்கும்னு இல்ல. ஆனா நீலகிரி சோலைக்கிளியும், நீலகிரி சிரிப்பான்னு இன்னொரு பறவையும் மட்டும் பேருக்கு ஏத்த மாதிரி கணவாய்க்கு வடக்கயே நின்னுடுச்சு, கொடைக்கானல்ல கேக்கற சிரிப்பு பழனி சிரிப்பானோடது. யாரோ ஒருத்தர் போட்டோ எடுத்து, கூகுள்ல நீலகிரி புளூ பேர்டுன்னு தேடி, முதல்ல வந்த பேரை எழுதியிருப்பார். நானும் புஸ்தகத்துல அதேதான் செஞ்சேன்.

கலரை ஏன் நம்பக்கூடாதுன்னும் சொல்லிடறேன். பறவையோட நீலத்துல சாயம் கிடையாதுங்க. இறகுக்குள்ள இருக்கற நுணுக்கமான அமைப்புல வெளிச்சம் பட்டுச் சிதறி நீலமா திரும்பி வருது. அதனால வெளிச்சம் குறைஞ்சா நீலமும் செத்துடும், கருப்பாவும் சாம்பலாவும் தெரியும். சோலைக்குள்ள மேல இருந்து வர்ற கொஞ்ச வெளிச்சமும் இலையில வடிகட்டி பச்சையா இறங்குது. அதுல செல்போன் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டி கலரை ஏத்தி ஒரு படம் குடுக்கும். ஒரே பறவையை ரெண்டு பேர் எடுத்தா ஒண்ணுல மயில் கழுத்து நீலம், இன்னொண்ணுல காக்கா. ஆனா விலாவுல இருக்கற சிவப்பு நிஜ நிறமி, இருக்கற வெளிச்சத்துல அது கண்ணுல பட்டா நல்ல அடையாளம். அதனாலதான் விலாவைப் பாரு, காலைப் பாருன்னு பெரியவங்க சொல்றது.

ஈப்பிடிப்பான் மட்டும்தான் ஏமாத்தும்னு இல்ல. குளிர்காலத்துல இமயமலைப் பக்கத்துல இருந்து இந்தியன் புளூ ராபின்னு ஒண்ணு வரும், அதுவும் நிக்கிற ஜாதி, அதுவும் இருட்டுல இலை புரட்டும், ஆணுக்கு மேல நீலம், கீழ ஆரஞ்சு, கண்ணுக்கு மேல நல்ல வெள்ளைக் கோடு. இதை வச்சு ஒரு டிசம்பர்ல திரும்பவும் ஏமாந்தேன், அதை விவரமா எழுத மாட்டேன். ஆனா அதுக்கு ஆரஞ்சு தொண்டையில இருந்தே ஆரம்பிச்சுடும், சோலைக்கிளிக்கு தொண்டையும் நெஞ்சும் சிலேட்டுதான். அப்புறம் வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பான்னு ஒண்ணு, பேரைக் கேட்டாலே தலை சுத்தும், அது இன்னும் கீழ இருக்கற பசுமைமாறாக் காட்டுல அதிகம், அதுவும் கிளையில உக்கார்ற ஜாதி. சீகாரப் பூங்குருவியையும் சிலர் சோலைக்கிளின்னுடறாங்க, அது இதைவிட ரொம்பப் பெருசு, மைனாவுக்கு அண்ணன் சைஸ், விடியக்காலையில வேலைவெட்டி இல்லாத பையன் விசிலடிக்கிற மாதிரி பாடும். அதைக் குழப்பிக்கறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.

சத்தம்னு எடுத்துக்கிட்டா, சோலைக்கிளியை கண்டுபிடிக்கறதுக்கு கண்ணைவிட காதுதான் உதவி. மெல்லிசா மேல் ஸ்தாயியில விசிலும், நடுநடுவுல ரேடியோ ஸ்டேஷன் மாத்தும்போது வர்ற கரகரப்பு மாதிரியும் கலந்து பாடும். பெரிய மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஏப்ரல் மே மாசத்துல, இருட்டு பிரியற நேரம் புதருக்குள்ள இருந்து கேட்கும். அது கூடு வைக்கிற சீசனும் கூட. மரப்பொந்துலயோ மண் கரையில இருக்கற குழியிலயோ பாசியை வச்சு கூடு கட்டி ரெண்டு முட்டை போடும். இந்த நேரத்துல சில பேர் போன்ல இருக்கற ரெக்கார்டிங்கை ஸ்பீக்கர்ல போட்டு பறவையை வெளிய வரவைக்கறாங்க. அதுவும் வரும், ஏன்னா தன் எல்லைக்குள்ள இன்னொரு ஆம்பள பூந்துட்டான்னு நினைச்சு சண்டைக்கு வருது. கூட்டை விட்டுட்டு வருது சார். போட்டோ கிடைச்ச சந்தோஷத்துல இவங்க போயிடறாங்க, அது அரை மணி நேரம் இல்லாத எதிரியைத் தேடிக்கிட்டு திரியுது. போன வருஷம் நாலு பேர் கொண்ட ஒரு குரூப் இப்படி பண்ணும்போது நான் போய் கேட்டேன், நீங்க யாரு ஃபாரஸ்ட்டான்னாங்க. இல்லன்னேன். அப்ப போங்கன்னாங்க. வந்துட்டேன், வேற என்ன பண்றது.

ஆப் வச்சு சத்தத்தைக் கேட்டு பேரு சொல்றதும் இப்ப வந்துடுச்சு, என் பேரன் வச்சிருக்கான். நல்ல விஷயம்தான், ஆனா அது சொல்றதை ஒரு துப்பா எடுத்துக்கணும், தீர்ப்பா எடுத்துக்கக்கூடாது. ஓடைச் சத்தம், பூச்சிச் சத்தத்துக்கு நடுவுல அது சில சமயம் அடிச்சு விடும். அது சொல்லிடுச்சுன்னு லிஸ்ட்ல ஏத்தினா, பறவை பார்க்கறவங்க பட்டியல் ஏத்தற இபேர்ட் வெப்சைட்ல சரிபார்க்கறவங்க விவரம் கேட்டு எழுதுவாங்க, எங்க பார்த்தீங்க, எவ்வளவு உயரத்துல இருந்துச்சு, தரையிலயா மரத்துலயான்னு. சில பேருக்கு கோவம் வரும், என்னை நம்பலையான்னு. எனக்கு அந்தக் கேள்வியெல்லாம் வாட்சர் கேட்ட கேள்வி மாதிரிதான் தோணும்.

இப்ப மூணாவது தப்பு. ஒரு பேரு மாறிப்போனா என்ன பெருசா ஆயிடப்போகுதுன்னு நீங்க கேக்கலாம், எங்க வீட்டம்மாவும் இந்த லெட்டரை எழுதும்போது அதைத்தான் கேட்டாங்க. நீலகிரி ஈப்பிடிப்பான் தோட்டத்துல இருக்கும், சோலை ஓரத்துல இருக்கும், சில்வர் ஓக்ல, வயசான யூகலிப்டஸ் தோப்புல கூட பொழைச்சுக்கும், நான்தான் நாலு வருஷம் பார்த்தேனே. சோலைக்கிளி அப்படி இல்ல. சோலையை ஒட்டின வீட்டு வாய்க்காலுக்கு அந்தியில வரும், அது உண்மை, ஆனா பின்னாடி சோலை இருக்கணும். சோலையை வெட்டி டீ போட்டா அது டீக்குள்ள வராது. புல்மேட்டுல வாட்டில் மரம் வச்சு காடு மாதிரி காட்டினாலும் அதுல போய் குடும்பம் நடத்தாது. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து தேயிலைக்கும் வாட்டிலுக்கும் யூகலிப்டஸுக்கும் குடுத்தது போக மிச்சம் இருக்கற துண்டு துண்டு சோலையிலதான் அது இருக்கு, உலகத்துலயே வேற எங்கயும் இல்ல. ரெண்டு இனமும் உலக அளவுல ஆபத்துப் பட்டியல்ல இருக்கற பறவைங்க.

இப்ப உங்க பேப்பர்ல "தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும்"னு வந்துடுச்சு. நாளைக்கு ஒரு சோலைக்குப் பக்கத்துல ரோடு போடணும், ரிசார்ட் கட்டணும்னு ஒருத்தர் வருவார், யாராவது இங்க சோலைக்கிளி இருக்குன்னு சொன்னா, அதான் தோட்டத்துலயே இருக்காமே, பேப்பர்ல படத்தோட போட்டிருந்தாங்களேன்னு உங்க கட்டிங்கையே எடுத்துக் காட்டுவார். அது பேப்பர்ல வந்ததா போயிடும், மாத்த முடியாது. இல்லாத பறவையை இருக்குன்னு காட்டறது, இருக்கற காட்டை இல்லாம பண்றதுக்கு வழி விட்டுடும் சார். ஈப்பிடிப்பான் பேரைப் போட்டிருந்தா யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல, அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வெளிய இல்லாத பறவைதான், அதைப் பத்தியே ஒரு நல்ல செய்தி எழுதியிருக்கலாம். நம்ம வீட்டுப் பக்கத்துல தினமும் வர்ற ஒண்ணை அரியதுன்னு சொன்னாத்தான் மதிப்பா என்ன?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஒரு திருத்தம் போடுங்க, மூலையில நாலு வரி போதும், ஆனா அந்தத் தோட்டத்து விஷயத்தை கண்டிப்பா சேர்த்துப் போடுங்க. இனிமே இந்த மாதிரி படம் வந்தா போட்டோ எடுத்தவர்கிட்ட எந்த மலைப்பக்கம், தரையிலயா கிளையிலயா, என்ன நேரம்னு மூணு கேள்வி கேட்டுட்டுப் போடுங்க. ஆனா கூடு இருந்தா அந்த இடத்தை அச்சுல போடாதீங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்பீக்கரோட ஒரு ஜீப் வந்து நிக்கும். போட்டோ எடுத்த தம்பியை யாரும் கோவிச்சுக்க வேண்டாம். படம் நல்லா எடுத்திருக்கார், கண்ணுல இருக்கற அந்த வெளிச்சப்புள்ளி வரைக்கும் ஷார்ப்பா இருக்கு, பேரு மட்டும்தான் சரியில்ல. அவர் விருப்பப்பட்டா ஒரு நாள் கோத்தகிரி வரட்டும், அந்தியில கல்வெர்ட் பக்கம் கூட்டிட்டுப் போறேன். பறவை வரும்னு உத்தரவாதம் தர முடியாது, அட்டை வரும்.

இன்னொண்ணு. திருத்தத்தோட படமும் போடறதா இருந்தா, தயவுசெஞ்சு அந்த சிறுவர் இணைப்புப் பச்சைக்கிளியை மட்டும் திரும்ப எடுத்துப் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகன்,
கோத்தகிரி